கியோட்டோவில் தனியே ஒரு நாள்

"தனியப் போறீங்க. தெரியாத நாடு, தெரியாத பாஷை. வழியில ஏதும் ஒன்டு நடந்தா யாரு வந்து பாக்கிற?"

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய எந்த வீட்டில்தான் இந்தக் கேள்வி எழவில்லை, சகோதரிகளே? கணவனையோ மகனையோ கடல் கடந்து அனுப்பிவிட்டு, இரவில் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கும் உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. என் வீட்டில் இந்தக் கேள்வி எனக்காக மட்டும் கேட்கப்பட்டதல்ல. எங்கள் மூத்த மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறான். ஜப்பானில் வாகன ஏற்றுமதித் தொழில் செய்யும் என் மனைவியின் தம்பி, "அவனை இங்கே அனுப்புங்கள், மொழி படிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வருடமாகச் சொல்லி வருகிறார். பெற்றவள் சம்மதிக்கவில்லை. கடைசியில், "நீங்களே போய் அந்த நாட்டைப் பாத்துட்டு வாங்க. அதுக்குப் பொறகு பேசுவோம்" என்று என் தலையில் பொறுப்பைப் போட்டுவிட்டாள். அரபுக் கல்லூரி விடுமுறையில், மே மாதக் கடைசியில், ஒசாகா நகரிலுள்ள மச்சானின் வீட்டில் போய் இறங்கினேன்.

இரண்டு நாட்கள் அவர் கூட்டிச் சென்றார். மூன்றாம் நாள் அவருக்குத் துறைமுகத்தில் வேலை. "கியோட்டோவைப் பார்க்காமல் ஊருக்குப் போகக் கூடாது. ரயிலில் அரை மணித்தியாலம். தனியே போய் வாருங்கள்" என்றார். புறப்படும்போது என் சட்டைப் பையில் ஓர் அட்டையை வைத்தார். முன்பக்கத்தில் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம். பின்பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் இரண்டு வரிகள். என்ன என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நான் முஸ்லிம். இறந்துவிட்டால் என் உடலை எரிக்க வேண்டாம். இந்த இலக்கத்துக்கு அறிவியுங்கள்."

அந்நாட்டில் இறப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருமே எரிக்கப்படுகிறார்கள். நூற்றுக்கு ஒருவர்கூட மண்ணில் அடக்கப்படுவதில்லை. 2020ஆம் ஆண்டிலும் 2021இன் தொடக்கத்திலும் நம் நாட்டில் கொவிட் நோயைக் காரணம் காட்டி ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட அந்த மாதங்களை மறக்காதவர்களுக்கு, அந்த இரண்டு வரிகளின் பாரம் விளங்கும். மரணத்தைப் பற்றி மாணவர்களுக்கு நாள்தோறும் பேசுகிறவன் நான். ஆயினும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பியது அதுவே முதல் தடவை.

கியோட்டோ 794ஆம் ஆண்டில் தலைநகராக அமைக்கப்பட்டது. 1869இல் மன்னர் டோக்கியோவுக்கு இடம் பெயரும் வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மன்னர்களின் இருப்பிடம் அதுதான். சீனத் தலைநகரைப் பார்த்துச் சதுரங்கப் பலகை போலத் தெருக்களை வகுத்திருக்கிறார்கள். ஆகவே வழி தவறினாலும் மீண்டுகொள்ளலாம். மூன்று பக்கமும் மலை. நகரிலும் சுற்றுப்புறத்திலுமாக 17 இடங்களை 1994இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. இவற்றில் பெரும்பாலானவை பௌத்த ஆலயங்கள். பார்வையாளனாக, மரியாதையோடு சென்று வரலாம். வணக்கத்தில் நமக்குப் பங்கில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று ஓடுகிறவர்கள் பஸ்ஸைத்தான் பார்க்கிறார்கள். பொன் தகடு வேய்ந்த மாளிகையைப் பார்க்கவில்லையா என்று பின்னர் எல்லோரும் கேட்டார்கள். பார்க்கவில்லை. 1950இல் ஓர் இளம் துறவியே தீ வைத்து எரித்து, 1955இல் திரும்பக் கட்டப்பட்ட மாளிகை அது. படத்தில் பார்த்ததே எனக்குப் போதும்.

காலையில் நிஜோ கோட்டைக்குப் போனேன். 1603இல் தொக்குகாவா இயெயாசு என்ற படைத்தலைவர் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு மாளிகைக்குள் கால் வைத்ததும் தரை கீச்சிடுகிறது. பழைய பலகையின் முனகல் போல் இல்லை. குருவிக் கூட்டம் ஒன்று காலடியில் இருப்பது போல. பலகைக்கு அடியிலுள்ள இரும்புக் கவ்விகளும் ஆணிகளும் உரசுவதால் எழும் ஒலி. இரவில் யாரும் சத்தமின்றி நடந்து வர முடியாது. சுவர்களில் பெரிய புலிகள் வரைந்திருக்கிறார்கள். அந்தச் சித்திரக்காரர் உயிருள்ள புலியைக் கண்டதில்லை. தோலைப் பார்த்து வரைந்தவர்கள். சிறுத்தைதான் பெண் புலி என்று எண்ணி இரண்டையும் குடும்பமாக்கி விட்டார்கள்! 1867இல் அந்த வம்சத்தின் கடைசித் தலைவர் ஆட்சியை மன்னரிடம் ஒப்படைக்கும் முடிவை அறிவித்ததும் இதே மாளிகையில்தான்.

அங்கிருந்து நடந்தே நிஷிக்கி சந்தைக்கு வந்தேன். நம் ஊர்ச் சந்தை போல் பரந்த இடமல்ல. கூரை போட்ட ஒடுங்கிய ஒரே தெரு. நீளம் 400 மீற்றர் அளவில் இருக்கும். இரு பக்கமும் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். ஊறுகாய், சோயாக்கட்டி, கடற்பாசி, உலர்ந்த மீன். ஒரு கடையில் விறகுத் துண்டு போன்ற கறுத்த கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் அதை மரக்கட்டை சீவுவது போலச் சீவிக்கொண்டிருந்தார். கிட்டப் போய் மூக்கை நீட்டினேன். மாசி! நம் வீட்டு மாசிதான். அதே சூரை மீன். அவித்து, புகையில் வாட்டி, காய வைத்தது. மேல் தரத்துக்கு இன்னும் ஒரு படி போய் அதன் மேல் பூஞ்சணம் பிடிக்க விட்டு, வெயிலில் காய வைத்து, மறுபடியும் பிடிக்க விடுகிறார்கள். நாம் உரலில் இடித்துச் சம்பலில் போடுகிறோம். அவர்கள் பூப்போலச் சீவிக் கொதிநீரில் இட்டு வடித்தெடுக்கிறார்கள். அவர்களுடைய சமையலில் பாதி, அந்த நீரில் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீனும் மரக்கறியும்தானே என்று ஜப்பானிய உணவில் கை வைத்துவிடக் கூடாது. அரிசியிலிருந்து எடுக்கும் மதுவைச் சமையலில் தாராளமாகச் சேர்ப்பார்கள். சோயா சாற்றிலும் அது கலந்திருப்பதுண்டு. மச்சானின் மனைவி சோறும் கோழிக்கறியும் கட்டித் தந்திருந்தார். பிரயாணத்தில் கட்டுச்சோறு கேவலம் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சந்தையிலிருந்து தெற்கே பத்து நிமிட நடையில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத ஓர் இடம் இருக்கிறது. நான் ஆசிரியன் என்பதால் மச்சான் குறித்துத் தந்த இடம். பழைய ஆரம்பப் பாடசாலை ஒன்றின் கட்டடத்தில் 1998இல் திறக்கப்பட்ட பாடசாலை வரலாற்று நூதனசாலை. மன்னர் போய்விட்டதும் கியோட்டோ தளர்ந்து போனது. உத்தியோகத்தர் போனார்கள், வியாபாரம் விழுந்தது. அந்த நிலையில் ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? 1869ஆம் ஆண்டிலேயே, ஒரே வருடத்துக்குள், பேட்டைக்கு ஒன்றாக 64 ஆரம்பப் பாடசாலைகளைத் திறந்தார்கள். நாடு முழுவதற்குமான கல்விச் சட்டம் வந்தது 1872இல்தான். இவர்கள் அதற்கு மூன்று வருடம் முந்திவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் நான் நெடுநேரம் நின்றேன். அந்த வரிக்குப் பெயர் "அடுப்புப் பணம்". எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீடு பாடசாலைக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இல்லை. பிள்ளை இல்லாத வீடும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகக் கொடுத்தது. நம் மத்ரஸாக்களுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்த உம்மாமார் என் நினைவுக்கு வந்தார்கள். சோற்றுக்கு அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே பானையில் போட்டு வைப்பார்களே, அந்த அரிசியைத் தின்றுதான் நானும் ஓதினேன்.

அங்கிருந்து வடக்கே போக பஸ் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட, ஏற முயன்றேன் என்பது பொருத்தம். முன்கதவருகே போய் நின்றால் கதவு திறக்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், என்னை யாரும் ஏற விடவில்லை. ஒரு பாடசாலைச் சிறுமி, ஏழெட்டு வயதுதான் இருக்கும், என் கையைத் தொடாமல் சைகையால் பின்கதவைக் காட்டினாள். பின்னால் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு போட வேண்டுமாம். அவளும் தனியே பிரயாணம் செய்கிறவள்தான். முதுகில் பெரிய புத்தகப் பை, தலையில் மஞ்சள் தொப்பி. என்னைவிடத் தைரியமாக இருந்தாள்.

பழைய அரண்மனைத் தோட்டத்துக்குக் கிழக்கே, ஒரு கட்டடத்துக்குள் சிறிய மஸ்ஜித் ஒன்று உண்டு. அங்கே ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதேன். கிப்லா நம் நாட்டில் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. மேலும் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல் கிழக்கே போயும் திரும்பி நிற்கும் பக்கம் மாறவில்லை. பக்கத்தில் தொழுதவர் இந்தோனேசிய மாணவர். ஸலாம் சொன்னோம். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. ஆளுக்கொரு பேரீச்சம்பழம் தின்றோம்.

பிறகு ஆற்றுக்கு நடந்தேன். கமோ ஆறும் தக்கானோ ஆறும் சேரும் இடத்தில், அக்கரை போவதற்கு ஆற்றுக்குக் குறுக்கே பெரிய கற்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். சில கற்கள் ஆமை வடிவம். சிறுவர்களும் கிழவர்களும் தாவித் தாவிப் போகிறார்கள். பாலம் பக்கத்தில் இருக்கத் தொப்பி போட்ட ஒரு மௌலவி கல்லுக்குக் கல் தாவுவதைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. ஊரில் என்றால் இந்நேரம் மாணவர்களுக்குச் செய்தி போயிருக்கும்.

கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை உண்டுவிட்டு நகரைப் பார்த்தேன். இந்த நகரம் இன்று இருக்கிறதே, அதுவே ஒரு செய்தி. 1945இல் அமெரிக்க இராணுவத்தினர் அணுகுண்டு போடுவதற்குத் தெரிந்தெடுத்த நகரங்களின் பட்டியலில் கியோட்டோ முன்வரிசையில் இருந்தது. சுமார் பத்து லட்சம் சனங்கள். அதுவரை பெரிய குண்டுவீச்சுக்கு ஆளாகாத ஊர். கல்விமான்கள் நிறைந்த ஊராதலால் இந்தக் குண்டின் வலிமையை நன்கு உணர்வார்கள் என்றும் ஒரு காரணம் எழுதி வைத்தார்கள். நினைத்துப் பாருங்கள், படித்தவர்கள் இருப்பதே ஓர் ஊரைக் கொல்ல ஒரு நியாயமாயிற்று! அப்போதைய யுத்த அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார். அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சேர்க்கப் பார்த்தும் அவர் விடவில்லை. ஜனாதிபதி ட்ரூமனிடமே பேசி முடித்தார். அவர் 1926இல் இந்த ஊருக்கு வந்து பார்த்தவர். ஆனால் பட்டியல் காலியாக விடப்படவில்லை. நாகசாகியின் பெயர் அதில் எழுதப்பட்டது. ஆகஸ்ட் 9ஆம் திகதி விமானம் முதலில் பறந்ததோ கொக்குரா என்ற நகருக்கு. கீழே ஒன்றும் தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. ஒரு நகரம் தப்பியதற்கு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாய் திறந்தேன். அடுத்த நகரம் நினைவுக்கு வந்து வாய் அடைத்துக்கொண்டது.

ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ரயில் நிலையத்தில் ஒற்றைப் பெட்டி ரயில் ஒன்றில் ஏறி, மூன்றாம் தரிப்பிடமான இச்சிஜோஜியில் இறங்கினேன். உண்மையில் நான் கியோட்டோவுக்கு வந்ததே இதற்காகத்தான். மலையை நோக்கி வீடுகளுக்கிடையே கால் மணித்தியாலம் ஏறினால் என்கோஜி என்ற பௌத்த ஆலயம் வருகிறது. இயெயாசு 1601இல் பாடசாலையாகத் தொடங்கியது. 1667இல் இங்கே வந்தது. அக்காலத்தில் நூல் அச்சிடப் பயன்பட்ட மர எழுத்துகள் ஐம்பதாயிரத்துக்கு மேல் இன்னும் வைத்திருக்கிறார்கள். முற்றத்தில் மேப்பிள் மரங்கள். இலையுதிர் காலத்தில் செக்கச் சிவந்திருக்குமாம். மே மாதத்தில் பச்சை. ஓரிடத்தில் மண்ணுக்குள் ஒரு சாடியைக் கவிழ்த்துப் புதைத்து, அதில் நீர் சொட்ட விட்டிருக்கிறார்கள். மூங்கில் குழாயில் காதை வைத்தால் வீணை நரம்பைத் தட்டுவது போல ஒலி.

மூங்கில் தோப்பைத் தாண்டி, பின்புற மேட்டில் ஊராரின் கல்லறைகள். நிமிர்ந்து நிற்கும் ஜப்பானியக் கற்களின் நடுவே, வேறு அமைப்பில் ஒரு கப்ர். ஸெய்யித் உமர் என்ற மலாய் இளைஞருடையது.

ஜொகூரைச் சேர்ந்தவர். மலாயாவும் தென்கிழக்காசியாவின் பிற நாடுகளும் ஜப்பானியரின் பிடியிலிருந்த 1943, 1944ஆம் ஆண்டுகளில், அந்நாடுகளிலிருந்து தெரிந்தெடுத்து ஜப்பானுக்குப் படிக்க அனுப்பப்பட்ட சுமார் 200 மாணவர்களில் ஒருவர். ஹிரோஷிமாவில் படித்துக்கொண்டிருந்தார். 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி அந்த நகரத்தில் குண்டு விழுந்தது. அவரோடு படித்த நிக் யூஸுப் என்ற மற்றொரு மலாய் இளைஞர் அதில் இறந்தார். அவரது கப்ர் ஹிரோஷிமாப் பக்கம் இருக்கிறது. புருனையிலிருந்து வந்த பெங்கிரான் யூஸுப் தப்பிப் பிழைத்து, பின்னாளில் தம் நாட்டின் முதலமைச்சராகவும் ஆனார். உமரும் வெளிப்பார்வைக்குத் தப்பியவராகத்தான் தெரிந்தார். யுத்தம் முடிந்து, ஆகஸ்ட் மாதக் கடைசியில் டோக்கியோவுக்கு ரயிலில் போகும் வழியில் நிலைமை மோசமாகி, கியோட்டோவில் இறக்கப்பட்டார். பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்த்தார்கள். அணுக் கதிர் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று எந்த வைத்தியருக்கும் விளங்காத காலம். அங்கிருந்த ஓர் இளம் வைத்தியர், வேறு வழியின்றித் தம் உடம்பிலிருந்தே இரத்தம் எடுத்து அவருக்கு ஏற்றினார். செப்டம்பர் தொடக்கத்தில் உமர் வபாத்தானார். இருபது வயது நிரம்பவில்லை.

தோற்றுப்போன நாடு. பசியும் பட்டினியுமான காலம். அந்நிய நாட்டுப் பிள்ளை. எரித்துவிட்டிருந்தாலும் கேட்க யார் இருந்தார்கள்? எரிக்கவில்லை. மண்ணில் அடக்கினார்கள். பின்னர் கியோட்டோவாசி ஒருவரின் முயற்சியால், 1961இல், இந்த ஆலயத்தின் மையவாடியில் இஸ்லாமிய முறையில் கப்ர் அமைத்து இங்கே கொண்டுவந்தார்கள். முஷானோகோஜி சனேஅட்சு என்ற பெரிய எழுத்தாளர், உமரை நோக்கிப் பேசுவது போல எழுதிய சில வரிகளைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

ஸலாம் சொன்னேன். கையேந்தி துஆச் செய்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. துஆவை முடித்துத் திரும்பினால், எட்டிய தூரத்தில் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். கையில் மரவாளியும் நீண்ட பிடியுள்ள அகப்பையும். தம் குடும்பத்தார் கல்லறையைக் கழுவ வந்தவர், நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார் போலும். விலகி நின்றேன். அவர் கிட்ட வந்து, வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீரை மெதுவாக அந்தக் கல்லின் மேல் ஊற்றித் துணியால் துடைத்தார். "ஓமாரு சான்" என்றார். பிறகு, "ஹிரோஷிமா" என்றார். என் தொப்பியைப் பார்த்துத் தலை தாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

சட்டைப் பையில் அட்டை இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

மாலையில் ஆற்றங்கரை நிலையத்திலிருந்து ஒசாகாவுக்கு நேரே போகும் ரயிலில் திரும்பினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டது. மஃரிபுக்கு நேரம் இருந்தது.

ஊர் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். புலி, சிறுத்தைக் கதைக்குச் சிரித்தாள். மாசிக்குப் பூஞ்சணம் பிடிக்க விடுகிறார்கள் என்பதை நம்பவில்லை. உமரைப் பற்றிச் சொன்னபோது, "எத்தின வயசு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். எழும்பிப் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அந்த இரத்தம் குடுத்த டாக்டர் என்ன சாதி, என்ன மார்க்கம் பாத்தா குடுத்திருப்பாரு?" என்றாள். அதற்குப் பிறகு அன்று அதைப் பற்றிப் பேசவில்லை.

மகனை அனுப்பச் சம்மதமா என்றால், இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது தம்பியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அட்டை அவள் கையில் இருந்தது. மகனின் பெயரை ஜப்பானிய எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.